பச்சைத் துணியும் ஒரு கறுப்புக் காயும்

மலாக்காவிலிருந்து ஜாசினுக்குப் போகும் பஸ்ஸில் நான் ஏற்றிய சாமான் ஆறடிக்கு மேல் நீளம். தார்ப்பாயில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டு, இருக்கைகளுக்கு நடுவே கிடத்தியிருந்தேன். ஏறியவர்கள் எல்லாம் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு சீனப் பெண்மணி தன் கோழிக்கூடையை அதன் மேலேயே வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். வழியில் சாலைத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் என் பெட்டியையும் பார்க்கவில்லை, கோழிகளையும் பார்க்கவில்லை. நேராக மூட்டையிடம் வந்து நின்றார்.

"பிரிக்கச் சொல்றாரு" என்று பக்கத்து இருக்கைக்காரர் மலாயை எனக்குத் தமிழாக்கினார். பிரித்தேன். பச்சைப் பசேலென்று துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தமிழாக்கியவர் சன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு அப்போது விவரம் தெரியாது. காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் பச்சை உடைதான் போடுவார்களாம். மலாயாவில் அவசரகாலம் அறிவித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு முள்கம்பி வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது என்று சட்டம். மெட்ராஸ் பத்திரிகைகளில் இதெல்லாம் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். அந்தப் பக்கத்தில் பொட்டலம் கட்டிய சுண்டலை நான் தின்றிருக்கிறேனே தவிர படித்ததில்லை.

ஜாசின் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் மவுண்ட் ரோட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையின் ஆள், பில்லியர்ட்ஸ் மேஜைக்குத் துணி மாற்றுவது என் தொழில், இந்த ஊர் கிளப் ஒன்றுதான் கடிதம் எழுதி வரவழைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. எதிர்க்கடைச் சீனத் தையற்காரரை அழைத்துவந்து துணியைக் காட்டினார்கள். அவர் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து ஏதோ சொல்ல, ஸ்டேஷனே சிரித்தது. "இந்தக் கனத்துல கால்சட்டை தைச்சா, போட்டவன் புழுக்கம் தாங்காம அன்னிக்கே சரணடஞ்சிடுவானாம்" என்று ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் எனக்குச் சொன்னார்.

அந்த நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கியவர்தான் நடராஜன். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, நாற்பது வயதிருக்கும். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. என்னை வரவழைத்த கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். இன்ஸ்பெக்டரிடம் நல்ல இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசினார். துணியை அவரே சுருட்டினார்.

"மிஸ்டர் கோதண்டம், மனசுல வச்சுக்காதீங்க. இங்க எல்லாருக்கும் இப்படித்தான்லா. என்னையே வாரத்துக்கு ரெண்டு தடவ சோதனை போடுறாங்க" என்றார். அவர் வராவிட்டால் அன்றிரவு நான் எங்கே படுத்திருப்பேன் என்பதை யோசிக்கவே பிடிக்கவில்லை. அந்த நன்றியைப் பின்னால் அவ்வளவு சுலபமாக உதற முடியவில்லை.

காப்பி குடிக்கக் கூட்டிப்போனார். இங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கறுக்க வறுக்கிறார்கள். எங்கள் ஊர் டிகாஷனை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான், வேறு ஏதோ பானம் என்று நினைத்துக் குடித்தால் நன்றாக இருக்கிறது. ஒரு அம்மாள் பால் டின் வாங்கினாள். கடைக்காரர் அதை அவள் கையில் கொடுப்பதற்கு முன் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டார். மூடிய டின் காட்டுக்குப் போய்விடுமாம், ஓட்டை போட்டால் வீட்டுக்குத்தான் போகும்.

கிளப்பை ஊரில் 'கிராணிமார் கிளப்' என்கிறார்கள். மேட்டின் மேல் தோட்ட முதலாளிமாரும் மானேஜர்மாரும் கூடுவது 'தொரைமார் கிளப்'. இது கீழே, மைதானத்தின் இந்தப் பக்கம். தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் ஒரு டென்னிஸ் களம், பக்கத்தில் கோடு போட்ட பூப்பந்துக் களம், உள்ளே கேரம் பலகைகள், சீட்டு மேஜை, நட்டநடுவில் நான் பார்க்க வந்த பில்லியர்ட்ஸ் மேஜை. பின்புறத்தில் ஓர் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், நடராஜன் போட்டார், ஐந்து நிமிடத்தில் தற்காலிக அங்கத்தினர் ஆகிவிட்டேன். ஓட்டு மட்டும் கிடையாது.

"இனிமே நீங்க கோதண்டம். மிஸ்டர் எல்லாம் வாசப்படியோட சரி" என்றார்.

நான் விழித்தேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளைக் காட்டினார். கிளப்புக்குள் அங்கத்தினர் ஒருவரையொருவர் பெயர் மட்டுமே சொல்லி அழைக்க வேண்டும், பதவியோ பட்டமோ சேர்க்கக் கூடாது. "ஆஸ்பத்திரி பெரிய டிரஸ்ஸர் வேலாயுதம் இருக்காரே, வெளியில நான் அவரப் பாத்தா சைக்கிள விட்டு எறங்கணும். உள்ள வந்துட்டா, வேலாயுதம், அந்தச் சீட்டக் கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லலாம். இந்த ஊர்ல வேற எங்க நடக்கும் சொல்லுங்க?" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி உண்மையானது. எனக்கும் அந்த விதி பிடித்துப்போயிற்று. எங்கள் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன், முதலாளி பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

விதிகள் முழுவதும் தொரைமார் கிளப்பிலிருந்து எழுத்து விடாமல் எழுதி எடுத்தவை. யுத்தத்துக்கு முன் நாலைந்து கிராணிகள் ஏதாவது கடிதம் கொடுக்க அங்கே போவார்களாம். பின்படியில் நின்றபடி சன்னல் வழியே பில்லியர்ட்ஸ் ஆட்டம் பார்ப்பார்களாம். தொரைமார் புது மேஜை வாங்கியபோது பழையதை இவர்கள் வாங்கினார்கள், மேஜையோடு விதிகளும் வந்தன. 'ஐரோப்பியர்' என்றிருந்த இடத்தில் 'மாதச் சம்பளக்காரர்' என்று எழுதினார்கள். மற்றபடி ஒரு வார்த்தையைத் தொடவில்லை. அங்கத்தினர்கள் தங்கள் குதிரைகளை முன்வாசலில் கட்டக் கூடாது என்று பன்னிரண்டாவது விதி சொல்கிறது. வாசலில் சாத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தேன்.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அந்த இடம் பொய்யில்லை. ஜப்பான்காரன் காலத்தில் துணிப்பஞ்சம் வந்தபோது மேஜைத் துணியை உரித்து அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்தார்களாம். புழுக்கம் தாங்காது என்று சொன்ன தையற்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. யுத்தம் முடிந்து முரட்டுத் துணி ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவசரகாலத்தில் ஒவ்வொரு தோட்டமும் தனித்தனி வேலிக்குள் அடைபட்ட பிறகு, பகலில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச இந்த ஊரில் அவர்களுக்கு இருந்த இடம் இதுதான். பந்தாட்ட நாளில் கிளப் கடிதத்தைக் காட்டினால் வேலிக் கேட்டில் கொஞ்சம் தாமதமாகக்கூட விடுவார்கள்.

மறுநாள் பழைய துணியை உரித்தேன். கீழே கற்பலகை சேதமில்லாமல் இருந்தது. ஒரு காலைக் கறையான் தின்றிருந்தது. மெட்ராஸில் துணியை ஒரு முறை இழுத்து ஆணி அடித்தால் போதும். இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. காலையில் இழுத்துக் கட்டியது மாலையில் தொளதொளவென்று கிடந்தது. மறுபடி அவிழ்த்து இழுத்தேன். நாட்டின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சமையற்கட்டில் காட்டினேன்.

சமையற்கட்டு பச்சையம்மாவுடையது. நடராஜனின் தோட்டத்திலிருந்து காலையில் வந்து பொழுதோடு திரும்பிவிடும் பெண். நெத்திலிக் கருவாட்டையும் மிளகாயையும் ஏதோ இறால் விழுது ஒன்றோடு வறுத்தார். நாற்றம் என் அறைக்கு வந்தது. "இதையா மனுஷர் சாப்பிடுவார்கள்" என்றேன். அவர் சோற்றில் ஒரு கரண்டி வைத்தார். மூன்று முறை சோறு வாங்கினேன்.

"நாத்தம் போயிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

துணிக்கு இஸ்திரி போட அவரிடம்தான் கரிப்பெட்டி வாங்கினேன். அதைத் தூக்கிவந்து பின்வாசலில் வைத்தவன் அவருடைய தம்பி அங்கமுத்து. இருபத்தேழு வயது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. வேலை முடிந்து குளித்து, தலை வாரி வந்திருந்தான். படியில் நின்றபடியே மேஜையைப் பார்த்தான். உள்ளே வா என்றேன். "இல்லண்ணே. சனிக்கிழமைக்கப்புறம் வர்றேன்" என்றான்.

சனிக்கிழமை என்ன என்று பச்சையம்மா சொன்னார். மூன்று வருடமாகக் கிராணிமார் கால்பந்து அணிக்குக் கோல் அடிப்பதே இவன்தான். வெளியாளாக ஆடிக்கொண்டிருந்தான். இப்போது மேட்டிலிருந்து தகராறு வந்திருந்தது. இரண்டு கிளப்புக்கும் நடக்கும் வருடாந்தரப் போட்டியில் அங்கத்தினர் மட்டும்தான் ஆட வேண்டும் என்று தொரைமார் சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் அந்தப் போட்டியைப் பார்க்க மலாக்கா அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் வருகிறார். அவரும் ஏதாவது ஒரு கிளப் அங்கத்தினரைத்தான் எடுப்பார். ஆகவே சனிக்கிழமை அங்கமுத்துவை அங்கத்தினராக்க ஓட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டி. நாள்கூலிக்காரன் ஒருவன் பெயர் ஓட்டுக்கு வருவது கிளப்பில் அதுவே முதல் தடவை. விதியில் மாதச் சம்பளம் என்றல்லவா இருக்கிறது என்றேன். பொதுக்கூட்டம் போட்டு அதற்கு விலக்கு வாங்கியவரே நடராஜன்தானாம். ஒவ்வொரு அங்கத்தினர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்ப் பேசினாராம்.

"அடுத்த வருசம் அவனுக்கு இருவத்தெட்டு. மரம் வெட்டுற காலு எத்தன வருசம் ஓடும்? இதுதாங்க அவனுக்கு" என்றார் பச்சையம்மா.

வெள்ளிக்கிழமை என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு பயிற்சி ஆட்டத்துக்குப் போனார்கள். அங்கே பொரித்த மீனும் இளநீரும் நன்றாக இருந்தன. எங்கள் கடற்கரையில் இளநீர்க்காரன் பாதி வழுக்கையைத் தானே வைத்துக்கொள்வான், இங்கே சுரண்டிக் கொடுக்கிறார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு விதி கிடையாது என்பதால் அங்கமுத்து ஆடினான். வெறுங்கால். எனக்குப் பந்தாட்டம் பெரிதாகத் தெரியாது. ஆனால் வேலை தெரிந்தவன் கையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அவன் பந்தை அவசரப்படுத்தவில்லை, பந்தும் அவனை அவசரப்படுத்தவில்லை. நாலு கோல் அடித்தான்.

திரும்பும்போது மழை. லாரி செம்மண் சேற்றில் புதைந்தது. கிராணிகள் எல்லாரும் வெள்ளை ஜோடு போட்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே அங்கமுத்து இறங்கினான், டிரைவர் இறங்கினார், என் ஜோடு ஏற்கெனவே பாழ் என்பதால் நானும் இறங்கினேன். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளும்போது மேலிருந்து நடராஜன், "மெதுவாடா, காலப் பாத்துக்க, ஞாயித்துக்கிழமை வேணும்லா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கேட் மூடுவதற்குச் சரியாக வந்து சேர்ந்தோம்.

சனிக்கிழமை மதியம் துணி கடைசியாக இழுபட்டு நின்றது. உள்ளங்கையால் தடவினால் எங்கும் ஒரு சுருக்கமில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. புதுத் துணியில் முதல் ஆட்டம் செயலாளர் ஆட வேண்டும் என்பது வழக்கமாம். நடராஜனோடு நான் ஆடினேன். பந்தடிக்கும் கோலின் முனை வழுக்காமலிருக்க ஒரு நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்போம். அதுவும் நான் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த புதுக் கட்டி. அவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவசியத்துக்கு மேல் தேய்த்தார். இரண்டு பேர் விரலும் நீலம். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், வேறு யாரும் கோலைத் தொடவில்லை. ஆட்டம் முடியவும் மணி நாலு அடிக்கவும் சரியாக இருந்தது. அப்படியே ஓட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

தொரைமார் கிளப்பில் இதற்குத் தந்தப் பந்துகள் உண்டாம். இங்கே இரண்டு செட் கேரம் காய்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. பக்கத்து அறைக்கு ஒவ்வொருவராகப் போக வேண்டும். ஓட்டை போட்ட மரப்பெட்டியில் ஒரு காயைப் போட வேண்டும், மற்றதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு இருந்தாலும் ஆள் கிடையாது. தொரைமார் அந்த விதியை எப்போதோ இரண்டு கறுப்பு என்று தளர்த்திவிட்டார்களாம். இவர்கள் எழுதி எடுத்தபோது ஒன்று என்றிருந்தது, அது ஒன்றாகவே சுவரில் இருக்கிறது.

ஓட்டு இல்லாதவன், வெளியூர்க்காரன் என்று எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஓட்டுக்கு முன் நடராஜன் பேசினார். இந்தக் கிளப்பில் எல்லாரும் சமம், அதை வாயால் சொன்னால் போதாது என்று பேசினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பக்கத்து அறையில் தனியாக நின்று பெட்டியைக் கவிழ்த்தேன். பதினொரு வெள்ளை. ஒரு கறுப்பு. அந்தக் கறுப்புக் காயின் மேல் புத்தம் புதிதாக நீலத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

அதை ஒரு நிமிடமாவது பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்தக் காயைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பன்னிரண்டும் வெள்ளை என்று சொல்லியிருக்கலாம். போட்டவர் வாயைத் திறந்திருக்க முடியாது. இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. ஆனால் நான் வேலைக்கு வந்தவன், போலீஸிலிருந்து என்னை மீட்டவர் அவர், இது என் ஊரில்லை. காயைப் பையில் போட்டுக்கொண்டேன், வெளியே போய் "ஒரு கறுப்பு" என்றேன்.

எல்லாருக்கும் முன்னால் நெற்றியில் கை வைத்துக்கொண்டவர் நடராஜன்தான். "யாருலா அது? இவ்வளவு சொல்லியும்..." என்றார். பின்வாசலுக்குப் போய் அங்கமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன செய்ய முடியும் தம்பி? ரூல்" என்றார். அவன் தலையை ஆட்டினான். பச்சையம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்று சோறு எனக்கு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்டிலிருந்து தொரைமார் பளபளக்கும் ஜோடுகளோடு இறங்கிவந்தார்கள். ஆள் பொறுக்குகிறவர் ஒரு நாற்காலியில் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தார். அங்கமுத்து கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றான். இரண்டாம் பாதியில் பந்து கயிற்றைத் தாண்டி அவனை நோக்கி உருண்டது. காலாலேயே அதை எடுத்து ஒரு முறை தட்டி நிறுத்தி, அங்கிருந்தே உதைத்தான். மைதானத்தின் பாதிக்கு மேல் போய் நடு வட்டத்தில் யாரோ வைத்தது போல் நின்றது. ஆள் பொறுக்குகிறவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவன் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எங்க தோட்டத்து ஆளு" என்றார் பக்கத்தில் நின்ற நடராஜன்.

"உங்கள் அங்கத்தினரா?"

"இல்லை."

அவர் உட்கார்ந்து, முன்பு போலவே ஆட்டத்தைப் பார்த்தார். கிராணிமார் ஒன்றுக்கு நாலு என்று தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேரம் செட்டில் ஒரு கறுப்பு குறைகிறது என்று நடராஜன் தேடிக்கொண்டு வந்தார். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. பையிலிருந்து எடுத்துப் புதுத் துணியின் மேல் வைத்தேன். நீலம் கொஞ்சமும் அழியவில்லை. அவர் அதைப் பார்த்தார், பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மறுப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோதண்டம், தெனம் காலையில பெரட்டு எடுக்கிறவன் நானு. பேர் கூப்பிட்டு ஆள நிறுத்துறவன். லேட்டா வந்தா அரைப் பேரு போட்டுப் பாதிக் கூலிய வெட்டுறவன். சாயந்தரம் இங்க வந்து அவன் என் எதிர்ல உக்காந்து, நடராஜன், சீட்டப் போடுங்கன்னு சொல்லுவான். ரூல் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். மறுநாள் காலையில அவன் பேர நான் எப்படிக் கூப்பிடுறது?"

"நீங்கள்தானே வீடு வீடாகப் போய்ப் பேசினீர்கள்?"

"பேசினேன். மனசாரத்தான் பேசினேன். உள்ள போய்க் கையில காய எடுத்தப்பதான்..." நிறுத்திக்கொண்டார். "நீங்க நாளைக்குக் கப்பல் ஏறிடுவீங்க. நான் நாளன்னைக்கும் பெரட்டு எடுக்கணும்லா."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் அந்த விதியை எவ்வளவு ஆசையாக எனக்குக் காட்டினார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. காயை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நான் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

மலாக்காவுக்குப் போகும் ரப்பர் பால் லாரி தோட்டத்திலிருந்து விடிகாலையில் புறப்படும் என்பதால் அன்றிரவு நடராஜன் வீட்டிலேயே தங்குவதாக முன்பே ஏற்பாடு. பொழுது இருக்கும்போதே தோட்டத்து லாரியில் ஏறினோம். நடராஜன் டிரைவர் பக்கத்தில், நானும் அங்கமுத்துவும் பின்னால்.

"அண்ணே, நீங்கதான எண்ணுனீங்க? ஒண்ணுதானா?" என்று கேட்டான்.

"ஒன்றுதான்."

"பதினோரு பேரு வேணும்னு சொல்லிருக்காங்க பாருங்க. எல்லாம் கிராணி ஐயா பேசினதுதான். அவரு இல்லன்னா அஞ்சாறு கறுப்பு விழுந்திருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அந்த நீலம் என்ன என்று சொன்னேன். நேற்று நாலு மணிக்கு அது இரண்டே பேர் விரலில்தான் இருந்தது, அதில் ஒருவனுக்கு ஓட்டுக் கிடையாது என்றும் சொன்னேன். அவன் கண் முன்பக்கத்துக் கண்ணாடி வழியே தெரிந்த நடராஜனின் பிடரிக்குப் போயிற்று.

"ஏன்ண்ணே?" என்றான்.

"கிளப்புக்குள் நீ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது விதி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேலிக் கேட்டில் எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். அவன் பையைத் தடவிய காவலர் காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நடராஜன் வீட்டில் எனக்கு இட்லி வார்த்துப் போட்டார்கள். மலாயாவில் நான் தின்ற ஒரே இட்லி. அவர் மனைவி ஊர் விஷயமெல்லாம் கேட்டார்.

காலையில் ஊரடங்கு முடிந்ததும் ஆபீஸுக்கு முன்னால் பெரட்டுக்குக் கூடினார்கள். ஆண்களும் பெண்களும் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். சோற்றுத்தூக்கு ஒருவர் கையிலும் இல்லை, வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது. நான் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட் திறப்பதற்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடராஜன் விளக்கின் கீழ் புத்தகத்தைப் பிரித்துப் பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் "ஐயா" என்று பதில் வந்தது. ஆண் குரல், பெண் குரல், இருமலோடு ஒரு குரல், எல்லாம் "ஐயா."

"அங்கமுத்து."

"இருக்கேன், நடராஜன்."

சத்தமாகச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. கிளப்பில் சீட்டாட்டத்துக்கு நடுவே ஒருவரையொருவர் கூப்பிடுவார்களே, அந்தக் குரல்தான். வரிசையில் யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

நடராஜன் தலையை நிமிர்த்தவில்லை. பென்சில் அங்கமுத்துவின் பேருக்கு எதிரே நின்றது. முழுப் பேரா, அரைப் பேரா, பேரே அடித்துவிடுவாரா என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் பென்சிலைப் புத்தகத்தின் மேல் வைத்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வலது கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். சனிக்கிழமைச் சாயம் அதில் கொஞ்சமும் மிச்சமில்லை. இருந்தும் இன்னொரு முறை துடைத்தார். பிறகு பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.